நர்சிங் பட்டப்படிப்பில் என்னதான் படிக்கிறார்கள்?

நர்சிங் சேர்ந்த சில வாரங்களிலேயே ஒரு சின்ன வித்தை சொல்லிக்கொடுப்பார்கள். நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கிறோம், எண்ணி முடித்தாயிற்று, ஆனால் கையை எடுக்கக்கூடாது. இன்னும் நாடிதான் பார்க்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணை மட்டும் அவர் நெஞ்சுப் பக்கம் திருப்பி, இன்னொரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். உங்கள் மூச்சை எண்ணப்போகிறேன் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் யாருக்கும் அடுத்த மூச்சே மாறிவிடும், நமக்கு அவருடைய இயல்பான மூச்சு கிடைக்காது. ஒரு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருந்தால் பெரியவர்களுக்குச் சரி. மேலே போனாலோ கீழே வந்தாலோ ஏன் என்று கேட்க வேண்டும்.

நான் நர்சிங் படித்தவள், இப்போது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள். "ஊசி போடவும் பி.பி. பார்க்கவும் நாலு வருஷம் எதற்கு?" என்ற கேள்வி என்னிடம் வராத வருடமே கிடையாது. பெற்றோர் கேட்பார்கள், பிள்ளைகளே கேட்பார்கள், படித்தவர்களும் கேட்பார்கள். ஊசி போடக் கற்றுக்கொள்ள நிஜமாகவே சில நாட்கள் போதும், அதை மறுக்க வேண்டியதில்லை. மற்ற நாட்களெல்லாம் எதற்குப் போகின்றன என்றால், படுக்கையில் இருப்பவரிடம் என்ன மாறுகிறது என்று பார்க்கவும், மாறியது முக்கியமா இல்லையா என்று முடிவெடுக்கவும், முக்கியம் என்றால் சரியான ஆளிடம் சரியான வார்த்தையில் சொல்லவும் பழகுவதற்கு. பாடத்திட்டத்தில் பெயர் பெயராகப் பத்து முப்பது பாடங்கள் இருக்கும். எல்லாம் கடைசியில் இந்த ஒன்றில்தான் வந்து சேர்கின்றன.

படிப்பு எத்தனை வருடம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பல ஐரோப்பிய நாடுகளில் மூன்று வருடம், வேறு பல நாடுகளில் நான்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி குறைந்தது 3 வருடம், குறைந்தது 4,600 மணி நேரம் பயிற்சி, அதில் வகுப்பறைப் பாடம் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், நோயாளிகளோடு நேரடியாக வேலை செய்து கற்பது பாதியாவது இருக்க வேண்டும். அந்தப் 'பாதி'யைக் கவனியுங்கள். மற்ற கல்லூரி மாணவர்கள் காலை ஒன்பது மணிக்கு வகுப்புக்குப் போகும்போது, நர்சிங் மாணவர் பல நாட்கள் விடிவதற்கு முன்பே யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வார்டில் நிற்பார். சேருவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தப் படிப்பு இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1854இல் கிரிமியப் போரின்போது துருக்கியிலிருந்த ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போன ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கேந்திய சீமாட்டி என்றுதான் பெரும்பாலோருக்குத் தெரியும். அவர் கணக்கிலும் கெட்டிக்காரர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. போரில் காயம்பட்டு இறந்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்த்தொற்றில் இறந்த சிப்பாய்களே அதிகம் என்பதைப் படம் வரைந்து ஆட்சியாளர்களுக்குக் காட்டினார். லண்டன் புள்ளியியல் சங்கம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் பெண் அவர்தான். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதற்குப் பிறகு நீண்ட காலம் நர்சிங் என்பது மருத்துவமனையிலேயே தங்கி வேலை செய்துகொண்டே கற்கிற தொழிலாக இருந்தது. 1909இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் தனக்குள்ளேயே ஒரு நர்சிங் பள்ளியைத் தொடங்கியது. அப்படி மெல்ல மெல்லத்தான் இது கல்லூரிப் படிப்பானது.

சரி, பாடங்களுக்கு வருவோம். முதல் வருடம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், ஊட்டச்சத்து, உளவியல், சமூகவியல் என்று வரிசையாக நிற்கும். மருத்துவ மாணவர் படிக்கும் அளவுக்கு ஆழம் இருக்காது, ஆனால் எளிதும் கிடையாது. பிட்டத்தில் ஊசி போடும்போது மேல்பக்க வெளிப்புறக் கால்பகுதியில்தான் போட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. உள்ளே ஓடும் பெரிய நரம்பு எங்கே என்று தெரிந்தவருக்கு அந்த விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது, தெரியாதவர் ஒருநாள் மறந்துவிட்டால் நோயாளிக்குக் கால் இழுத்துக்கொள்ளும்.

உடலியங்கியலில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் ரத்த இழப்பு. ஒரு பெரியவரின் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. உள்ளுக்குள் எங்கோ கசிந்து ஒரு லிட்டர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.பி. பார்த்தால் பெரும்பாலும் சாதாரணமாகவே காட்டும், ஏனென்றால் ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமாக அடித்து, உடம்பு எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கிறது. ஆரோக்கியமாக இருந்த ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு ரத்தம் போகும் கட்டத்தில்தான் பி.பி. விழத் தொடங்கும், அப்போது நேரம் கையைவிட்டுப் போக ஆரம்பித்திருக்கும். ஆனால் அதற்கு முன்பே நாடி 110 ஆகியிருக்கும், கைகால் சில்லிட்டிருக்கும், சிறுநீர் குறைந்திருக்கும், அவர் காரணமில்லாமல் படபடப்பாக இருப்பார். பி.பி. 120க்கு 80 என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறவருக்கும், இந்தப் படபடப்பு ஏன் என்று நின்று யோசிக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் வருட வகுப்பில்தான் உருவாகிறது.

நுண்ணுயிரியலில் கிருமிகளின் பெயர்களைவிட அவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் வழிதான் முக்கியம். அந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு கண்ணியை அறுத்தால் போதும், அறுப்பதற்கு மிக எளிதான கண்ணி நம் கைதான். 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் நுழையும் முன் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். தாய்மார்களின் சாவு சட்டென்று குறைந்தது, ஆனாலும் அவர் காலத்து மருத்துவர்கள் பலர் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. இன்று மாணவர்கள் எப்போதெல்லாம் கை சுத்தம் செய்ய வேண்டும் என்ற ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் சொன்னபடி கற்கிறார்கள்: நோயாளியைத் தொடுமுன், சுத்தமான சிகிச்சை ஒன்றைச் செய்யுமுன், உடல் திரவங்கள் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். பலரும் தவறவிடுவது கடைசியைத்தான். நோயாளியைத் தொடவே இல்லை, கட்டில் கம்பியைத்தானே பிடித்தேன் என்பார்கள்.

அடுத்து செவிலிய அடிப்படைகள். படுக்கை விரிப்பது, உடம்பு துடைத்துவிடுவது, வாய் சுத்தம் செய்வது, சாப்பாடு ஊட்டுவது, சிறுநீர்க் குழாய் போடுவது எல்லாம் இதில்தான் வரும். வீட்டில் பலர் முகம் சுளிப்பதும் இங்கேதான், என் பிள்ளை இதற்கா படிக்கப் போனது என்று. நான் அழுத்திச் சொல்கிறேன், ஒருவரை உடம்பு துடைத்துவிடும் அந்தப் பதினைந்து நிமிடம் போல அவரை முழுசாகப் பார்க்க வேறு சந்தர்ப்பம் கிடைக்காது. தோல் எப்படி இருக்கிறது, எங்கே வீக்கம், எந்தப் பக்கம் திரும்பும்போது வலிக்கிறது, மூச்சு வாங்குகிறதா, நேற்று தானாகத் தூக்கிய கையை இன்று தூக்க முடிகிறதா, பேச்சில் குழப்பம் இருக்கிறதா, எல்லாமே அப்போது தெரிந்துவிடும்.

ஒருபக்கமாகத் திருப்பும்போது முதுகின் அடியில், இடுப்பெலும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு தெரிகிறது. என்ன செய்ய வேண்டும்? விரலால் சில நொடிகள் அழுத்தி எடுக்க வேண்டும். அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது, பயம் கொஞ்சம் குறைவு. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் படுக்கைப்புண்ணின் முதல் நிலை வந்துவிட்டது, தோல் இன்னும் உடையவில்லை என்றாலும். கறுத்த தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அங்கே கை வைத்துச் சூடு அதிகமா, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை மாணவருக்கு மாணவர் கையைப் பிடித்துத்தான் சொல்லித்தர முடியும். யாருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட 1987இல் வெளிவந்த பிரேடன் அளவுகோல் இருக்கிறது. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, ஊட்டம், உராய்வு என ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினால் 6 முதல் 23க்குள் வரும், குறையக் குறைய ஆபத்து அதிகம்.

அப்புறம் கேர் ப்ளான். நர்சிங் படித்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கேர் ப்ளான் எழுதி எழுதி ராத்தூக்கம் போன கதை இருக்கும். மதிப்பீடு, செவிலியக் கணிப்பு, திட்டம், செயல், மறுமதிப்பீடு என்று ஐந்து படிகள். இதில் குழப்பம் தருவது இரண்டாவது. மருத்துவர் நோயைக் கணிக்கிறார் என்றால், நர்ஸ் என்ன தனியாகக் கணிப்பது? ஒரே வார்டில் இரண்டு பேருக்கு நிமோனியா. ஒருவருக்கு 25 வயது, நன்றாக இருமிச் சளியைத் துப்புகிறார், இரண்டு நாளில் எழுந்து நடப்பார். இன்னொருவருக்கு 80 வயது, இருமத் தெம்பில்லை, தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது, தனியாக வசிப்பவர். நோய் ஒன்று, ஆன்டிபயாட்டிக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் முதியவருக்குச் சளியை வெளியேற்ற முடியவில்லை என்பதும், விழுங்குவதில் ஆபத்து என்பதும், வீடு திரும்பினால் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதும் தனித்தனிப் பிரச்சினைகள். இந்த மூன்றையும் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப்போகிறோம், எத்தனை மணி நேரத்தில் என்ன முன்னேற்றம் தெரிய வேண்டும் என்று எழுதுவதுதான் கேர் ப்ளான். மாணவப் பருவத்தில் பத்துப் பக்கம் எழுதுவார்கள். வேலைக்குப் போன பிறகு அதே யோசனை கட்டிலை நெருங்கும் நேரத்திலேயே மனதில் ஓடி முடிந்துவிடும்.

மருந்தியலைப் பார்த்து பயப்படாதவர்கள் குறைவு. கணக்கு வராது என்று நர்சிங்குக்கு வந்தேன் என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கு இங்கே கணக்கு காத்திருக்கிறது. சாதாரணமான ஒன்றைப் பார்ப்போம். 1,000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. மொத்தம் 20,000 சொட்டு, 8 மணி நேரம் என்பது 480 நிமிடம், வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொட்டை எண்ணி உருளையைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். பம்ப் இருக்கும் இடத்திலும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பம்பில் தப்பான எண்ணைப் போட்டாலும் அது அப்படியே ஏற்றிவிடும். குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு, அதனால் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. இதைக் கேட்டதும் வகுப்பில் எல்லா முகமும் கொஞ்சம் மலரும்.

மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கிப்போய் 10 என்று படித்துவிடலாம், அதனால் 1 என்றே எழுத வேண்டும். .5 என்று எழுதினால் 5 ஆகிவிடலாம், அதனால் 0.5 என்று எழுத வேண்டும். இன்சுலினை அதற்குரிய சிரிஞ்சில்தான் எடுக்க வேண்டும். டிஜாக்சின் என்ற இதய மருந்தைக் கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் இதயத்துடிப்பை எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்தி வைத்துவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடை நேரடியாக ரத்தக்குழாயில் செலுத்தவே கூடாது, இதயம் நின்றுவிடும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும், ஐம்பதாவது மாத்திரை என்றாலும். பிரிட்டனில் நர்சிங் மாணவர்கள் கணக்குத் தேர்வில் 100க்கு 100 எடுத்தால்தான் பதிவுக்குத் தகுதி பெறுகிறார்கள். கடுமையாகத் தெரியலாம். ஆனால் 95 வாங்கியவர் தவறவிட்ட அந்த ஐந்தும் யாரோ ஒருவருக்குப் போகிற மருந்து என்று நினைத்துப் பார்த்தால் அது நியாயம்தான்.

இரண்டாம் வருடத்திலிருந்து பெரிய பாடங்கள் தொடங்கும். பொது மருத்துவமும் அறுவை சிகிச்சையும் சேர்ந்த செவிலியம்தான் எல்லாவற்றிலும் பெரிது. இதயம், நுரையீரல், சிறுநீரகம், சர்க்கரை நோய், பக்கவாதம், புற்றுநோய், தீக்காயம், எலும்பு முறிவு, அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் என்று அது நீண்டுகொண்டே போகும், ஒவ்வொன்றையும் இங்கே விரித்தால் இடம் போதாது.

குழந்தைகள் வார்டில் பெரியவர்களைப் பற்றிக் கற்ற எண்கள் எல்லாம் மாறிவிடும். பிறந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 40 மூச்சு சாதாரணம், பெரியவருக்கு அதே 40 இருந்தால் ஓட வேண்டும். மருந்து எடைக்குத் தகுந்த அளவு. குழந்தையின் உடம்பு கடைசிவரை சமாளித்துக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று கைவிடும் என்பதால் சின்ன அறிகுறிக்கும் இங்கே மதிப்பு அதிகம். வழக்கமாக அழும் குழந்தை அழாமல் சோர்ந்து கிடக்கிறது என்று தாய் சொன்னால் அதை ஒரு அளவீட்டுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளச் சொல்லித்தருகிறோம்.

மகப்பேறு சில நாடுகளில் தனிப் பட்டம், வேறு நாடுகளில் நர்சிங்கோடு சேர்ந்தே வரும். பிறந்த 1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் குழந்தைக்குப் போடுகிற அப்கார் மதிப்பெண், வர்ஜீனியா அப்கார் என்ற மயக்க மருந்தியல் மருத்துவர் 1952இல் முன்வைத்தது. நிறம், இதயத்துடிப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தசை முறுக்கு, மூச்சு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. எல்லோர் கண்ணும் குழந்தை மேல் இருக்கும்போது ஒரு கை தாயின் வயிற்றின் மேல் இருக்க வேண்டும். தொப்புளை ஒட்டி, கர்ப்பப்பை பந்து போலக் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். மாவு போல மெத்தென்று இருந்தால் அது சுருங்கவில்லை, உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே தேய்த்துவிட வேண்டும், ஆளைக் கூப்பிட வேண்டும். முதல்முறை அந்தக் கெட்டித்தன்மையை விரலுக்கடியில் உணர்ந்த மாணவிகள் முகத்தில் வரும் தெளிவு எந்தத் தேர்விலும் வராது.

மனநலச் செவிலியத்துக்கு வரும்போது மாணவர்கள் கையில் கருவி எதுவும் இல்லாமல் தவிப்பார்கள். ஊசி, டிரிப், கட்டு எதுவும் இல்லை, பேச்சுதான் வேலை. ஹில்டெகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்க நர்ஸ் 1952இலேயே நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று எழுதினார், அந்தச் சிந்தனையில்தான் இந்தப் பாடம் நிற்கிறது. நோயாளியோடு பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி, நான் ஏன் இப்படிக் கேட்டேன், அவர் அமைதியானபோது ஏன் அவசரமாக இடைமறித்தேன் என்று தன்னையே அலசிப் பார்க்கும் பயிற்சி உண்டு. "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்வது பல நேரம் அவர் வாயை அடைக்கிறது என்பதை அங்கேதான் புரிந்துகொள்வார்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லோருக்கும் ஒரு பயம். அப்படி ஆவதில்லை, கேட்பதுதான் உதவிக்கு வழிதிறக்கும் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆனாலும் அந்தக் கேள்வியைக் குரல் நடுங்காமல் கேட்கப் பழக வேண்டும், அதற்கு வகுப்பில் ஒருவரையொருவர் வைத்துப் பலமுறை ஒத்திகை பார்ப்போம்.

சமூக நலச் செவிலியம் மருத்துவமனைச் சுவருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போகும். 1893இல் நியூயார்க்கின் ஏழைகள் பகுதியில் வீடு வீடாகப் போய்ப் பணியைத் தொடங்கிய லில்லியன் வால்ட் என்ற நர்ஸின் வழியில் வந்த பாடம் இது. தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் காப்பது, ஒரு தெருவில் ஒரே வாரத்தில் பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் குடிநீரிலிருந்து தேடத் தொடங்குவது, குடும்பத்தை ஒரு அலகாகப் பார்ப்பது எல்லாம் இதில் வரும். ஆராய்ச்சியும் புள்ளியியலும் கடைசி வருடத்தில் வரும்போது பலர் சலித்துக்கொள்வார்கள், நைட்டிங்கேல் வரைந்த படத்தை அப்போதுதான் மறுபடி காட்டுவேன்.

அந்த ஆராய்ச்சிப் பாடத்தில் தவறாமல் நான் வைக்கும் ஒன்று, செவிலிய ஆராய்ச்சியாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு. 9 ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். ஒரு நர்ஸ் பார்த்துக்கொள்ள வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், சேர்ந்த 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. பட்டம் பெற்ற நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, இதுதான் ஒரே காரணம் என்று நிரூபிப்பது ஆகாது, அதையும் வகுப்பில் சொல்லிவிடுவேன். ஆனாலும் நாலு வருஷம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவாக என்னால் பதில் சொல்ல முடியாது.

நெறிமுறையும் சட்டமும் தாளில் சின்னப் பாடம், வார்டில் தினசரி விஷயம். சம்மதப் படிவத்தில் நோயாளி கையெழுத்துப் போடுகிறார், ஆனால் என்ன செய்யப்போகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை என்பது அவர் கண்ணிலேயே தெரிகிறது. அப்போது பேசாமல் சாட்சிக் கையெழுத்துப் போடுவதா, இவருக்கு இன்னும் ஒருமுறை விளக்குங்கள் என்று மருத்துவரிடம் சொல்வதா? இரண்டாவதைச் செய்யத் துணிச்சல் வேண்டும், அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் படிப்பு இருக்க வேண்டும். எழுதாதது நடக்காதது என்பது எங்கள் துறையில் அடிக்கடி சொல்வது. செய்ததை அப்போதே, நேரம் போட்டு, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். "நோயாளி நன்றாக இருக்கிறார்" என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவோம். நன்றாக என்றால் எப்படி?

லேபில் பொம்மை நோயாளிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மூச்சு வரும், நாடி துடிக்கும், நாம் தாமதித்தால் நிலைமை மோசமாகும். இதய நுரையீரல் மீட்பை (சி.பி.ஆர்.) பொம்மையில்தான் கற்பார்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்தில் கை வலித்து ஆழம் குறையும், அதனால்தான் ஆளை மாற்ற வேண்டும் என்பதைத் தன் கையாலேயே தெரிந்துகொள்வார்கள்.

பொம்மை கற்றுத்தராத ஒன்றும் உண்டு. முதல் மரணம். அது எந்த வருடம், எந்த வார்டில் வரும் என்று யாருக்கும் தெரியாது. இறந்தவரின் கண்ணை மூடி, குழாய்களை அகற்றி, உடம்பைத் துடைத்து, தலையைச் சீவி, உறவினர்கள் பார்க்க வரும்முன் அவரை ஒழுங்குபடுத்துவதும் பாடத்தில் இருக்கிறது. என் முதல் முறையில் கூட இருந்த மூத்த நர்ஸ், திருப்பும் முன் அந்த அம்மாவிடம் "இந்தப் பக்கம் திருப்புறோம்மா" என்று பெயர் சொல்லிச் சொன்னார், உயிரோடு இருக்கும்போது சொன்ன அதே குரலில். நானும் அதையே செய்கிறேன், என் மாணவர்களும் செய்கிறார்கள். அன்றைக்கு ட்யூட்டி முடிந்ததும் அந்தப் பிள்ளையைத் தனியாக அனுப்பக்கூடாது, உட்கார வைத்துப் பேச வேண்டும்.

பட்டம் வாங்கினால் மட்டும் போதாது, பதிவு வேண்டும், பல நாடுகளில் அதற்குத் தனித் தேர்வு. அமெரிக்காவில் எழுத வேண்டிய என்கிளெக்ஸ் கம்ப்யூட்டரில் நடக்கும், நாம் பதில் சொல்வதைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை அது மாற்றும், 85 கேள்வியிலும் முடியலாம், 150 வரையும் போகலாம். அதில் வரும் பல கேள்விகள் நான்கு நோயாளிகளைக் காட்டி முதலில் யாரிடம் போவாய் என்றுதான் கேட்கும்.

கடைசி செமஸ்டரில் ஒரு மூத்த நர்ஸோடு சேர்ந்து முழு ஷிப்ட் பார்ப்பார்கள். சில வருடங்களுக்கு முன் என் மாணவி ஒருத்தி இரவு ட்யூட்டியில் இருந்தாள். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், நடுத்தர வயதுக்காரர். சார்ட்டில் அன்று முழுக்க மூச்சு 20, 20, 20 என்றே இருந்தது. காய்ச்சல் பெரிதாக இல்லை, பி.பி. பரவாயில்லை, தூங்கிக்கொண்டுதான் இருந்தார். அவள் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணிவிட்டு, விரலை எடுக்காமல் நெஞ்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினாள். 26. நம்பாமல் இன்னொரு நிமிடம் எண்ணினாள். 27.

எழுப்பி இன்று என்ன கிழமை என்று கேட்டிருக்கிறாள், அவர் யோசித்துத் தப்பாகச் சொன்னார். சிறுநீர்ப் பையைப் பார்த்தால் நான்கு மணி நேரத்தில் 80 மில்லி. உடன் இருந்த மூத்த நர்ஸிடம் சொல்லிவிட்டு அவளே போனை எடுத்தாள். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என்று நான்கு வாக்கியத்தில் பேசும் முறை ஒன்று உண்டு, எஸ்பார் என்போம், அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைக்கு வந்த பழக்கம். "டாக்டர், எட்டாம் படுக்கைக்காரருக்கு மூச்சு 26, 27, நாடி 112, புதிதாகக் குழப்பம் வந்திருக்கிறது. குடல் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், நான்கு மணி நேரத்தில் 80 மில்லிதான் சிறுநீர். உள்ளே தொற்று பரவுகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்."

பத்து நிமிடத்தில் வந்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள், சலைன் ஏறியது, ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் போனது, விடியுமுன் தையல் கசிவைச் சரிசெய்ய மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வாரம் கழித்து அவர் நடந்து வீட்டுக்குப் போனார். காலையில் அவள் லாக் புக்கில் நான் கையெழுத்துப் போடும்போது, அன்றிரவு செய்த வேலை என்ற பத்தியில் ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: மூச்சு எண்ணினேன், இரண்டு முறை.